துரு கன்வெர்ட்டர், பாஸ்பாரிக் ஆசிட், கேவிட்டி வேக்ஸ்: அப்பாவோட பத்மினில மூணையும் போட்டுப் பார்த்தாச்சு

முதல்ல ரிசல்ட்டை சொல்லிடறேன், கதை அப்புறம். துருவைக் கறுப்பாக்குற கன்வெர்ட்டர் பாட்டிலுக்கு 5க்கு 2. பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லுக்கு 4. பாடி சட்டங்களுக்கு உள்ள பீச்சி விடுற கேவிட்டி வேக்ஸுக்கு 5க்கு 5, இன்னும் மேல இருந்தாலும் குடுப்பேன். பிராண்டு பேரு எதுவும் போடலை, ஏன்னா ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொண்ணு கிடைக்குது, டப்பா பின்னாடி என்ன கெமிக்கல் எழுதியிருக்குன்னு பார்த்து வாங்கினா போதும்.

கார் 1988 மாடல் பிரீமியர் பத்மினி, அப்பா வாங்கினது. 1964ல பம்பாய் குர்லால ஃபியட் 1100 டிலைட்டா ஆரம்பிச்சு 1974ல பத்மினின்னு பேரு மாறின அதே வண்டிதான், 1089 சிசி இன்ஜின், ஸ்டியரிங் பக்கத்துலயே கியர். இன்ஜினைப் பத்தி எனக்கு ஒரு குறையும் இல்ல, அது இன்னைக்கும் ஒரே செல்ஃப்ல எடுக்கும். பிரச்சனை எல்லாம் பாடிலதான். நாங்க இருக்கறது வேளச்சேரி, 2015 டிசம்பர் வெள்ளத்துல கதவுக்குக் கீழ இருக்கற சட்டம் முழுகுற அளவுக்குத் தண்ணி, மூணு நாள் அப்படியே நின்னுச்சு. தண்ணி வடிஞ்சதும் இன்ஜினைப் பார்த்தோம், சீட்டைக் கழட்டி வெயில்ல காய வெச்சோம், சட்டத்துக்கு உள்ள போன தண்ணியைப் பத்தி யாருமே நினைக்கல. அதுக்கு மேல பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடி அஞ்சு வருஷம் ஓரமா நிறுத்திட்டோம். மழைல இருந்து காப்பாத்தறோம்னு நினைச்சுதான் மூடினது, ஆனா அடில மண் தரை, ஈரம் மேல ஏறி வந்து தார்ப்பாய்க்குள்ளயே வேர்த்து வேர்த்து வண்டி மேலயே சொட்டியிருக்கு. பழைய வண்டியை மூடணும்னா காத்து போற துணிக் கவர் போடுங்க, கீழ சிமெண்ட் தரை இருக்கட்டும், தயவு செஞ்சு தார்ப்பாய் வேண்டாம்.

2021 தொடக்கத்துல வண்டியை எடுத்துப் பண்ணலாம்னு உக்காந்தேன். பார்வைக்கு அவ்வளவு மோசமா தெரியல. பின் மட்கார்டு ஓரத்துல அம்மை போட்ட மாதிரி பெயிண்ட் கொப்புளம், கதவு அடி ஓரத்துல கொஞ்சம் பழுப்பு, அவ்வளவுதான். நெட்ல பார்த்து அந்த கன்வெர்ட்டர் ஒரு லிட்டர் வாங்கினேன். பால் மாதிரி வெள்ளையா இருக்கும், துரு மேல பிரஷ்ல தடவினா கொஞ்ச நேரத்துல ஊதா கலந்த கறுப்பா மாறும். பார்க்கவே அவ்வளவு திருப்தியா இருக்கும், ஏதோ வியாதியே குணமான மாதிரி. அதுல இருக்கறது டானிக் ஆசிட். வாழைக்காய் நறுக்கினா அருவாமனை கறுத்துப் போகுமே அதே சமாச்சாரம்தான், கடுக்காயும் இரும்பும் சேர்த்து துணிக்குக் கறுப்புச் சாயம் ஏத்துறதும் இதேதான். காய்ல இருக்கற துவர்ப்பு இரும்போட சேர்ந்து கறுப்பா ஒரு கரையாத பொருளா மாறிடும். கூடவே ரெசின் கலந்திருக்கறதால அது காஞ்சு ஒரு தோல் மாதிரி ஒட்டிக்கும். அது மேல ரெட் ஆக்ஸைடு பிரைமர், அது மேல பள்ளத்தை நிரப்பி சமமாக்குற பட்டி, அது மேல பெயிண்ட்டுன்னு முடிச்சேன்.

அந்த வருஷம் நவம்பர்ல சென்னைல எப்படி மழை பெஞ்சுதுன்னு உங்களுக்கே தெரியும். டிசம்பர்ல வண்டியைக் கழுவும்போது மட்கார்டு ஓரத்துல கையை வெச்சேன், பெயிண்ட் மெத்து மெத்துன்னு அமுங்குது. நகத்தால கீறினா ஒரு ரூபா காசு அளவுக்கு பெயிண்ட்டும் பட்டியும் சேர்ந்து பேந்து கையோட வந்துடுச்சு. அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம் நான் அடிச்ச பெயிண்ட்டு, நடுவுல பட்டி, அதுக்கு அடில அந்தக் கறுப்புத் தோல், தோலுக்கு அடில செங்கல் பொடி மாதிரி புதுத் துரு அடுக்கடுக்கா. மருந்து மேல இருந்த துருவை மட்டும்தான் கறுப்பாக்கியிருக்கு, அடில இருந்தது அது பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்திருக்கு.

இது அந்த கம்பெனி ஏமாத்தினதுன்னு நான் சொல்லல. டப்பாலயே சின்ன எழுத்துல "உதிர்ற துருவை முழுசா எடுத்துட்டு தடவவும்"னு இருந்துச்சு, நானும் வயர் பிரஷ் போட்டேன்தான். ஆனா வயர் பிரஷ் போட்டா துரு பளபளன்னு ஆயிடும், போயிடாது, பழுப்பா மின்னுறதைப் பார்த்து இரும்பு தெரிஞ்சிடுச்சுன்னு நினைச்சுக்குவோம். துருங்கறது இரும்பை விட ரொம்ப அதிக இடம் எடுக்கும், அதனாலதான் பெயிண்ட்டைத் தூக்குது, ரெண்டு தகடு சேர்ற இடத்துல தகட்டையே பிரிச்சு விடுது. சின்னச் சின்ன குழிக்குள்ள உப்பும் சேர்ந்து உக்காந்திருந்தா மேல எதைத் தடவினாலும் அந்த உப்பு ஈரத்தை இழுத்து திரும்ப ஆரம்பிச்சிடும். கடல் காத்து அடிக்கிற நம்ம ஊர்ல இது ரொம்ப முக்கியம். அதனால 2 மார்க். ஜாக்கி வைக்கிற ஸ்டாண்டு, கேட்டு, கம்பி ஜன்னல் இந்த மாதிரி வெளிய தெரியற, தடிமனான, மறுபடி தடவ முடியற இடத்துக்கு கன்வெர்ட்டர் நல்ல பொருள்தான். கார் பாடித் தகடு ஒரு மில்லிமீட்டர் கூட வராது, அதுக்கு இது மட்டும் போதாது.

அப்பதான் ஒரு டிங்கரிங் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். வயசானவர், பத்மினியும் அம்பாசிடரும் கையாலயே தட்டி வளர்ந்த ஆளு. வண்டியை சுத்தி வந்தார், ஒண்ணும் பேசல, பாக்கெட்ல இருந்து ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் எடுத்து டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழ ஓடுற சட்டத்துல, சில்லுன்னு சொல்றாங்களே அதுல, லேசா குத்தினார். அப்பளம் உடையற மாதிரி சத்தம். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. "தம்பி, துரு வெளில இருந்து உள்ள போகல, உள்ள இருந்துதான் வெளில வந்துருக்கு, நீங்க வெளில வைத்தியம் பண்ணிருக்கீங்க"ன்னார். அந்த ஒரு வார்த்தைலதான் நான் பண்ண தப்பு எல்லாம் எனக்குப் புரிஞ்சுது.

பத்மினிக்கு தனியா சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். அந்த சில் இத்துப்போச்சுன்னா அழகுக்குக் குறைன்னு விட முடியாது, வண்டியோட முதுகெலும்பே போன கணக்கு. ஜாக்கி போட்டா கதவு மூட மாட்டேங்குதுன்னா அதுதான் அறிகுறி. சில்லை அறுத்துத் திறந்தப்ப உள்பக்கம் பெயிண்ட் வாடையே இல்ல. அடில கைப்பிடி கைப்பிடியா வெள்ளத்துல வந்த வண்டல் மண்ணு, காஞ்சு களிமண் கட்டி மாதிரி, தண்ணி வெளிய போறதுக்கு வெச்சிருந்த ஓட்டை எல்லாத்தையும் அதே மண்ணு அடைச்சிருக்கு. ஆறு வருஷமா ஒவ்வொரு மழைக்கும் அந்த மண்ணு ஊறியிருக்கு.

சரி, ஆசிட் ஜெல். இத்துப்போன தகட்டை எல்லாம் அறுத்து எடுத்தாச்சு, மீதி இருக்கற நல்ல தகட்டுல குழி குழியா இருக்கற துருவுக்குத்தான் இது. பாஸ்பாரிக் ஆசிட் தண்ணி மாதிரியும் கிடைக்குது, ஜெல்லாவும் கிடைக்குது. நிக்கிற தகட்டுக்கு ஜெல்தான், தண்ணியா இருந்தா வழிஞ்சு ஓடிடும். முதல்ல கிரைண்டர்ல ஃப்ளாப் டிஸ்க் போட்டு, அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள் போட்டு முடிஞ்ச வரை இரும்பு தெரியற அளவுக்குக் கொண்டு வந்துட்டுதான் ஜெல் தடவணும். ஆசிட் அந்தக் குழிக்குள்ள போயி துருவைக் கரைக்குது, கரைச்ச இடத்துல இரும்பு பாஸ்பேட்டுன்னு சாம்பல் கலர்ல ஒரு மெல்லிய படலத்தை விட்டுட்டுப் போகுது. அது பெயிண்ட் பிடிக்கவும் உதவும். ஸ்காட்ச் பிரைட் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருந்தா வேலை சீக்கிரம் ஆகும். முக்கியமான விஷயம், காய விடவே கூடாது. மத்தியான வெயில்ல பட்டறைல பத்து நிமிஷத்துல காஞ்சு வெள்ளை உப்பு பூத்துடுது, அது மேல பிரைமர் அடிச்சா பிடிக்காது. காஞ்சிடுச்சுன்னா திரும்ப கொஞ்சம் ஆசிட்டையே தடவி நனைச்சு, அப்புறம் நல்லா தண்ணி விட்டு அலசணும்.

அலசினதும் அடுத்த தலைவலி. கண்ணு முன்னாடியே மஞ்சளா ஒரு பூச்சு வரும், ஃப்ளாஷ் ரஸ்ட். நம்ம ஊர் ஈரப்பதத்துல ஒரு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள வந்துடும். ஒரு சின்ன பகுதியா எடுத்து, அலசி, உடனே துணியால ஒத்தி, ஹீட் கன் காட்டி காய வெச்சு, அடுத்த பகுதிக்குப் போறதுதான் வழி. மொத்த ஃப்ளோரையும் ஒரே நாள்ல பண்ணலாம்னு நினைச்சா திரும்ப திரும்ப அதே வேலையைத்தான் செய்யணும். இந்த உழைப்புக்காகத்தான் ஒரு மார்க் குறைச்சேன், பொருள் மேல குறை இல்ல. ரெண்டு டப்பா கலந்து அடிக்கிற எப்பாக்ஸி பிரைமர் அடிக்கப் போறீங்கன்னா இன்னும் கவனமா அலசுங்க, ஆசிட் மிச்சம் இருந்தா எப்பாக்ஸி சரியா இறுகாது, மாசக்கணக்குல கழிச்சு தோல் தோலா உரியும். கைக்கு கிளவுஸ், கண்ணுக்குக் கண்ணாடி கண்டிப்பா. கெட்டியான ஆசிட் வாங்கி நீங்களே கலக்கறதா இருந்தா தண்ணில ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்ல தண்ணியை ஊத்தக் கூடாது. ஸ்பிரிங், அழுத்தம் தாங்குற கெட்டி போல்ட்டு இதையெல்லாம் ஆசிட்ல ஊறப் போடாதீங்க, உள்ள ஹைட்ரஜன் இறங்கி அப்புறம் லோடு வரும்போது படக்குன்னு உடையலாம்.

சின்ன பார்ட்டுக்கு, கதவு கீல், பிராக்கெட்டு, ஜாக்கி ராடு இதுக்கெல்லாம் ஆசிட் கூட வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் டப்பா, வாஷிங் சோடா, பழைய 12 வோல்ட் பேட்டரி சார்ஜர் போதும். லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சோடா கலந்து, பார்ட்டை மைனஸ்ல, ஒரு வேஸ்ட் இரும்புத் தகட்டை பிளஸ்ல மாட்டி, ரெண்டும் தொடாம தொங்க விட்டு ராத்திரி முழுக்க விட்டா காலைல துரு கறுப்புக் கூழா வந்துடும், பிரஷ் போட்டா போயிடும். நல்ல இரும்பை அது தின்னாது, அதுதான் இதோட பெரிய சௌகரியம். ஆனா சமையல் உப்பு போட்டுடாதீங்க, குளோரின் வரும், பிளஸ்ல எவர்சில்வர் கரண்டி தட்டு எதையும் மாட்டிடாதீங்க, அதுல இருக்கற குரோமியம் கரைஞ்சு தண்ணியே விஷமாயிடும். கேஸ் வர்றதால திறந்த மொட்டை மாடில வைக்கணும், வீட்டுக்குள்ள வேண்டாம். புதுசா வர்ற ஆட்டோமேட்டிக் சார்ஜர் இதுக்கு ஆகாது, எதிர்ல பேட்டரி இல்லைன்னா அது ஸ்டார்ட்டே ஆகாது.

வெல்டிங் பத்தி நீட்டல, அது டிங்கர் அண்ணன் வேலை. 20 கேஜ் தகட்டை வெட்டி வளைச்சு மிக் வெல்டிங்ல புள்ளி புள்ளியா வெச்சுக்கிட்டே போனார், ஒரே இழுப்பா இழுத்தா சூட்டுல தகடு அலை அலையா ஆயிடும்னார். பெட்ரோல் டேங்கை முதல் நாளே கழட்டி வெளிய வெச்சுட்டார். ஓட்டை மேல தகட்டை வெச்சு ஒட்டுற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு, பழசையும் அறுக்காம மேலயே ஒட்டினா ரெண்டுக்கும் நடுவுல ஈரம் தங்கி ரெண்டுமே போகும். ஓட்டைல பட்டியை அடைச்சு பெயிண்ட் அடிச்சுத் தர்ற பட்டறையும் நான் பார்த்திருக்கேன், பட்டி ஸ்பாஞ்சு மாதிரி தண்ணி குடிக்கும், அப்படிப்பட்ட இடத்துல வண்டியை விடாதீங்க. பட்டி போடறதா இருந்தா எப்பாக்ஸி பிரைமருக்கு மேல மெல்லிசா போடணும். ரெட் ஆக்ஸைடு எல்லா ஹார்டுவேர் கடையிலயும் கிடைக்கும், விலையும் கம்மி, ஆனா அது தண்ணியை முழுசா தடுக்காது, அதை அடிச்சுட்டு வெளிய நிறுத்தி வெச்சீங்கன்னா ஒரு மழைல அடில துரு ஆரம்பிச்சிடும். ரெண்டு டப்பா கலக்குற எப்பாக்ஸிக்கு மட்டும் கை கூசாம செலவு பண்ணுங்க, மாஸ்க் போட்டு அடிங்க.

இப்ப வேக்ஸ். நான் முக்கியமா எழுத வந்ததே இதுக்குத்தான்.

கேவிட்டி வேக்ஸ்ங்கறது டப்பால இருந்து வரும்போது மண்ணெண்ணெய் மாதிரி தண்ணியா வரும், வந்ததும் தகடு ரெண்டு சேர்ற இடுக்குக்குள்ள எல்லாம் தானா ஊர்ந்து போகும், அப்புறம் அதுல இருக்கற கரைப்பான் ஆவியாகி தேன் கலர்ல ஒரு மெழுகுப் படலம் மட்டும் நிக்கும். அது பெயிண்ட் மாதிரி கெட்டியாகாது, விரலை வெச்சா ஒட்டும், அதனால விரிசல் விடாது, கீறல் பட்டாலும் திரும்ப மூடிக்கும். தோசைக்கல்லுல எண்ணெய் தடவி எடுத்து வெச்சா துரு பிடிக்காதுல்ல, அதே யோசனை, ஆனா வருஷக்கணக்குல நிக்கிற மாதிரி. சரக்கு கூடவே ரெண்டடி நீள டியூபு வரணும், அதோட நுனில நாலு பக்கமும் பீச்சுற ஓட்டை இருக்கணும். டியூபு இல்லாத ஸ்ப்ரேயை வாங்கவே வாங்காதீங்க, சில்லுக்கு உள்ள போகவே போகாது.

இதை எல்லா வேலையும் முடிஞ்ச அப்புறம்தான் அடிக்கணும், வெல்டிங், பெயிண்ட்டு எல்லாம் முடியணும், ஏன்னா இது பத்திக்கும், இது பட்ட இடத்துல பெயிண்ட்டும் பிடிக்காது. மாசமும் முக்கியம். நாங்க மே மாசம் பண்ணோம். சில்லுக்குள்ள ரெண்டு நாள் கம்ப்ரஸர் காத்து விட்டு, வெயில்ல நிறுத்தி, உள்ள எலும்பு மாதிரி காஞ்ச அப்புறம் அடிச்சது. டிரெயின் ஓட்டையை எல்லாம் கம்பி விட்டு முதல்லயே திறந்தாச்சு. கம்பெனில போட்ட ரப்பர் மூடி ஓட்டைகளே போதுமானது இருக்கு, புதுசா டிரில் போட வேண்டியதே வரல. டியூபைக் கடைசி வரைக்கும் உள்ள விட்டு, அமுக்கிக்கிட்டே மெதுவா வெளிய இழுக்கணும். அடி ஓட்டைல வேக்ஸ் சொட்ட ஆரம்பிச்சா உள்ள முழுசா நனைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். கதவு நாலு, சில் ரெண்டு, பானட், டிக்கி ஓரம், ஃப்ளோருக்கு அடில ஓடுற சட்டம் எல்லாத்துக்கும் சேர்த்து 500 எம்எல் டப்பா ஆறு ஆச்சு. ரெண்டு நாள் கீழ பேப்பர் விரிச்சு வைங்க, அக்னி வெயில்ல சொட்டும். சொட்டி முடிச்சதும் டிரெயின் ஓட்டையை திரும்பவும் கம்பியால குத்தி விடுங்க, இல்லைன்னா வேக்ஸே அதை அடைச்சிடும். வாசனை ஒரு வாரம் வண்டிக்குள்ள இருந்துச்சு, அம்மா அந்த வாரம் உக்கார மாட்டேன்னுட்டாங்க.

நிறைய பேரு டபிள்யூடி-40 அடிச்சா போதாதான்னு கேக்கறாங்க. அது 1953ல அமெரிக்கால சான் டியேகோல ராக்கெட் உடம்புல தண்ணி தங்காம இருக்கறதுக்காகப் பண்ணது, பேருலயே தண்ணியை விரட்டறதுன்னுதான் அர்த்தம், 40ங்கறது நாப்பதாவது முயற்சி. ஈரத்தை விரட்டவும் இறுகின போல்ட்டை இளக்கவும் அருமையான பொருள், ஆனா அது விட்டுட்டுப் போற படலம் ரொம்ப மெல்லிசு, வருஷக்கணக்குல சில்லுக்குள்ள நிக்காது. பழைய இன்ஜின் ஆயிலை அடில அடிக்கிறது நம்ம ஊர் பழைய வழக்கம், எங்க அப்பாவும் செஞ்சிருக்கார், ஓரளவு காப்பாத்தவும் செஞ்சுது, ஆனா அது ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும், மழைல வழிஞ்சு மண்ணுக்கும் போகும், வேண்டாம். அண்டர்பாடி ரப்பர் கோட்டிங் கேட்டீங்கன்னா, சுத்தமான பிரைமர் மேல அடிச்சா கல்லு தெறிக்கறதுக்கு நல்லது, துரு மேல அடிச்சா மூடி வெச்ச புண்ணு மாதிரி. சர்வீஸ் சென்டர்ல "அடில கருப்பா அடிச்சுத் தர்றோம் சார்"னு சொன்னா, அடிக்கறதுக்கு முன்னாடி அடிப்பக்கத்தை எப்படி சுத்தம் பண்ணுவீங்கன்னு கேளுங்க, வெறும் தண்ணி அடிக்கறோம்னு சொன்னா வேண்டாம்னுட்டு வந்துடுங்க.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சு. திரும்பவும் வேளச்சேரி, திரும்பவும் தெருவுல தண்ணி. வண்டியை மேட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்குள்ள கால்வாசி டயர் முழுகி, அப்புறம் சில் அடிப்பக்கம் வரைக்கும் வந்துடுச்சு, ரெண்டு நாள் நின்னுச்சு. எனக்கு அந்த ரெண்டு ராத்திரியும் தூக்கமே இல்ல. தண்ணி வடிஞ்சதும் இந்தத் தடவை முதல் வேலையா நல்ல தண்ணி விட்டு சில்லுக்கு உள்ள அலசி விட்டேன், டிரெயின் ஓட்டை வழியா கலங்கலா ஓடி, அப்புறம் தெளிவா ஓடிச்சு. வண்டிக்குள்ள விரிச்சிருந்த மேட்டு, அதுக்கு அடில இருக்கற சணல் மெத்தை எல்லாத்தையும் பிடுங்கி வெளிய போட்டேன், அது ஈரத்தை உறிஞ்சி வெச்சுக்கிட்டு ஃப்ளோரை மேல இருந்து அரிக்கும்.

ஒரு மாசம் கழிச்சு ஜனவரில, போன்ல மாட்டுற ஊசி மாதிரி கேமரா ஒண்ணு வாங்கி, ரப்பர் மூடியைக் கழட்டி சில்லுக்கு உள்ள விட்டுப் பார்த்தேன். டிங்கர் அண்ணனும் பக்கத்துல நின்னார். போன் திரைல தேன் கலர் சுவரு, அங்கங்க முத்து முத்தா தண்ணித் துளி உருண்டு ஒட்டாம நிக்குது, வெல்டிங் தழும்பு மேலயும் அதே மெழுகு. ஒரே ஒரு இடத்துல, பின் சக்கரத்துக்கு முன்னாடி இருக்கற மூலைல, டியூபு சரியா எட்டல போல, ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பு. அண்ணன் கேமராவை அங்கயே நிறுத்தச் சொல்லி நல்லா பார்த்துட்டு, "இந்த மூலைக்கு மட்டும் பின்னாடி ஓட்டை வழியா விடணும் தம்பி, சித்திரைல எடுத்துட்டு வாங்க"ன்னார்.

சித்திரைல எடுத்துட்டுப் போனோம். ஒரு டப்பால முக்கால்வாசி ஆச்சு அந்த மூலைக்கும் மத்த இடம் தொட்டு விடறதுக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி ஒண்ணு ரெண்டு டப்பா அடிச்சுக்கிட்டா போதும்னு சொல்லியிருக்கார், மிச்சமிருந்த டப்பாவை டியூபோட சுத்தி வெச்சிருக்கேன், வெயில்ல வைக்காம நிழல்ல வைங்க.